கவைக்கோல்

வேட்டைக்காரர்கள் துப்பாக்கியைத் தாங்குவதற்கு வீட்டிலேயே செய்துகொள்ளும் கவைக்கோல் மிக எளிய சாதனம். காய்ந்த மூங்கில் கழிகள் இரண்டு. உட்கார்ந்து குறிபார்ப்பவனுக்கு மூன்றடிக்குச் சற்று மேல், நிற்பவனுக்கு ஏறக்குறைய ஆள் உயரம். கணுவை ஒட்டி அறுக்க வேண்டும், இல்லாவிட்டால் முனை பிளக்கும். உச்சியிலிருந்து ஐந்தாறு அங்குலம் விட்டு, சைக்கிள் ட்யூபிலிருந்து அறுத்த பட்டையால் இறுக்கிச் சுற்றினால் போதும். கால்களை விரித்ததும் மேலே ஒரு கவை கிடைக்கிறது.

நானும் ஒன்று செய்து வைத்திருக்கிறேன். என்னிடம் துப்பாக்கி இல்லை. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991இன் திருத்தமும் இங்கு வேட்டைக்கு ஏறக்குறைய இடமில்லாமல் செய்துவிட்டன. கவையில் நான் வைப்பது பைனாகுலர். இரண்டு கழிகள் மேல்கீழ் ஆட்டத்தை நிறுத்திவிடுகின்றன. பக்கவாட்டு அசைவு மிஞ்சுகிறது. ஏரி நடுவில் நிற்கும் நத்தைகுத்தி நாரை என் மூச்சுக்குத் தக்கபடி லேசாக நகர்கிறது. மூன்றாவது கழியைச் சேர்த்தால் அதுவும் பெரும்பாலும் அடங்கிவிடும். நான் சேர்க்கவில்லை.

1870களில் அமெரிக்கச் சமவெளிகளில் தோலுக்காக பைசன் எருமைகளைச் சுட்டவர்கள் இப்படித்தான் இரண்டு கழிகளைக் குறுக்காகக் கட்டி, கனத்த ஷார்ப்ஸ் ரைபிளை அதில் சாய்த்து, தரையில் உட்கார்ந்து சுட்டார்கள். முதலில் மந்தையை நடத்தும் பெட்டை. சாவு எங்கிருந்து வருகிறதென்று மற்றவற்றுக்குத் தெரியவில்லை. ஓடாமல், விழுந்ததைச் சுற்றி நின்றன. ஒரே மனிதன் இடம் பெயராமல் பல டஜன்களை முடிக்க முடிந்தது. ரயிலும் தோல் ஆலைகளும் இதற்குப் பின்னால் இருந்தன என்பது வேறு விஷயம். 1889இல் வில்லியம் ஹார்னடே வட அமெரிக்கா முழுவதிலும் எஞ்சியவை 1,091 என்று கணக்கிட்டார். அவரும் 1886இல் மாண்டானாவுக்குப் போய் அருங்காட்சியகத்துக்காகச் சிலவற்றைச் சுட்டுவந்தவர்தான்.

ஆடாத துப்பாக்கி மிருகத்துக்குக் காட்டும் கருணை என்று வேட்டைக்காரர்கள் சொல்வார்கள். காயத்தோடு அலைந்து சாவதைவிட ஒரே குண்டில் விழுவது மேல். இதை மறுக்க முடியாது. ஆனால் கைநடுக்கம் தசையின் பலவீனம் மட்டும்தானா? எதிரே ஓர் உயிர் நிற்கிறது என்ற பிரக்ஞையும் அதில் உண்டு. கழிகளுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. இரண்டையும் சேர்த்தே நீக்கிவிடுகின்றன. சமவெளியில் நடந்தது வெறியாட்டம் அல்ல. வெறிகொண்டவன் அத்தனை கொல்ல முடியாது, களைத்துவிடுவான். அது நிதானமாக நடந்தது.

நமது விமர்சனத்தில் நிதானம் ஒரு நற்குணமாகவே பேசப்படுகிறது. எதன்மேல் சாய்ந்து பெற்ற நிதானம் என்று யாரும் கேட்பதில்லை. கோட்பாட்டின் மேலா, குழுவின் மேலா, காலத்தின் தூரத்தின் மேலா? ஒரு கவிதையை அப்படி ஆடாமல் அசையாமல் பார்த்து எழுதிய பக்கங்களில் தவறு கண்டுபிடிப்பது கடினம். ஆனால் எழுதியவன் அந்தக் கவிதையின் எதிரே நின்றதற்கான அடையாளமும் அவற்றில் இருப்பதில்லை. தாங்குகோல் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. வெறும் கையால் எதையும் தெளிவாகப் பார்க்க முடிவதில்லை. இரண்டு கழிகள் போதும் என்றுதான் நினைக்கிறேன்.