தூர்த்த கிணறு

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகிற சாலையில் திருவரங்குளம். அங்கே ஒரு கல்யாண மண்டப வேலை. கூரைக்கு இரும்பு ட்ரஸ் ஏற்றுவதற்காக ‘ஹைட்ரா’ வந்திருந்தது. மூக்கை நீட்டிக்கொண்டு, சுமையைத் தொங்கவிட்டபடியே ஊர்ந்து போகுமே, அந்த கிரேன்தான். நாலு பேர் வேலை செய்ய, நாற்பது பேர் வேடிக்கை பார்த்தோம். கிரேன் வந்தால் நம் ஜனங்களுக்கு அன்றைக்கு வேறு வேலை ஓடாது!

டீக்கடை பெஞ்சில் இருந்த பெரியவர் திடீரென்று குரல் கொடுத்தார். “ஏம்ப்பா, அந்த மூலையில அந்தக் காலத்துல கிணறுல்ல இருந்துச்சு? தூத்துட்டுத்தானே எடம் போட்டீங்க?”

வண்டி நின்றது. ஆபரேட்டர் இடத்துக்காரரைப் பார்த்தார். இடத்துக்காரர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி எங்கேயோ பார்த்தார்.

வண்டியை வேறு பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஆபரேட்டருக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். டீ குடிக்க வந்தவரிடம் கேட்டேன். “தம்பி, வண்டி சாஞ்சா யாரு பொறுப்பு?”

“நாந்தான் சார். உள்ள உக்காந்திருக்கிறதும் நாந்தான், உள்ள போறதும் நாந்தான்!”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு மைல் நடக்கிற பெண்ணிடம், அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள்... ஒரு நிமிஷம் தாங்காது. கிரேனும் அப்படித்தான். ‘14 டன்’ என்று வண்டியில் எழுதியிருந்தால், கையை முழுசாகச் சுருக்கி, சுமையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால்தான் 14 டன். நீட்ட நீட்டக் குறைந்துகொண்டே போகும். எவ்வளவு குறையும் என்பதற்கு வண்டியிலேயே அட்டவணை இருக்க வேண்டும். அதைப் பார்த்துத் தூக்குவது ஆபரேட்டர் பொறுப்பு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால், ட்ரஸ் எத்தனை கிலோ என்று அவருக்கு எப்படித் தெரியும்? வெல்டிங் பட்டறைக்காரர் சொல்ல வேண்டும். கம்பிக் கயிறு நைந்திருந்தால் மாற்ற வேண்டியவர் வண்டி முதலாளி. பூமிக்கு அடியில் கிணறு இருந்ததா, செப்டிக் டேங்க் இருக்கிறதா? ஆலங்குடி ரோட்டில் அன்றைக்குக் காலையில்தான் வந்து இறங்கிய பிள்ளைக்கு அது தெரிய ஜோசியமா பார்க்க முடியும்?

அமெரிக்காவில் 2010-ல் கொண்டுவந்த கிரேன் விதிகளில் இதைப் பளிச்சென்று சொல்லிவிட்டார்கள். தரை சுமையைத் தாங்கும்படி இருப்பதற்கு, வேலைத்தளத்தை நடத்துகிறவர்தான் பொறுப்பு. அடியில் பள்ளமோ தொட்டியோ குழாயோ இருப்பது தெரிந்தால், கிரேன்காரரிடம் சொல்லியாக வேண்டும். நம் நாட்டிலும் 1996-ல் கட்டடத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டமும், 1998-ல் விதிகளும் வந்தன. தகுதியுள்ளவர் கிரேனைச் சோதித்துச் சான்று தர வேண்டும் என்றெல்லாம் அவற்றில் எழுதினார்கள். ஆனால், ஹைட்ராவை வாடகைக்குக் கூப்பிடுகிற நம்மில் எத்தனை பேர் சான்றைக் கேட்கிறோம்? “மணிக்கு எவ்வளவு?” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

2020 பிப்ரவரி 19, இரவு. பூந்தமல்லி பக்கம் ‘இந்தியன் 2’ படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சாய்ந்து மூன்று பேர் இறந்துபோனார்கள். கிரேன் ஆபரேட்டர் கைதானார். சில நாளில், பாதுகாப்புப் பொறுப்பைப் பற்றிக் கமல்ஹாசன் லைகா நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். ‘படப்பிடிப்பு உங்கள் கட்டுப்பாட்டிலும் இயக்குநர் ஷங்கர் கட்டுப்பாட்டிலும்தானே நடந்தது’ என்கிற மாதிரி நிறுவனம் பதில் எழுதியது. யார் சொன்னது சரி என்பது என் கவலை இல்லை. அந்தக் கடிதங்கள் பிப்ரவரி 18-ம் தேதியே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

2023 ஜனவரி 22-ல், அரக்கோணம் பக்கம் கீழ்வீதி கிராமத்துக் கோயில் திருவிழா. சாமிக்குப் போடும் மாலைகளை வாங்குவதற்காக கிரேனில் ஆட்கள் ஏறியிருந்தார்கள். கூட்டத்துக்கு நடுவே அது சாய்ந்தது. நாலு உயிர் போனது. அப்போதும் ஆபரேட்டர்தான் முதலில் உள்ளே போனார். ‘ஆள் தூக்க இது ஆகாதுங்க’ என்று அன்றைக்கு அவர் சொல்லியிருந்தால், திருவிழாக் கமிட்டியில் யார் கேட்டிருப்பார்கள், சொல்லுங்கள்?

கிரேன் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஏற்று, இறக்கு, திருப்பு என்று கை ஜாடை காட்ட ஒரே ஆள்தான். கண்டவர் காட்டினால் ஆபரேட்டர் மதிக்கக் கூடாது. ‘நிறுத்து’ மட்டும் விதிவிலக்கு. அதை யார் காட்டினாலும் நிறுத்தியாக வேண்டும், செங்கல் சுமக்கிற சித்தாள் காட்டினாலும் சரி. ஆனால், வாடகை மணிக் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்போது சித்தாளம்மாவுக்குக் கை எழும்புமா? நிறுத்தி வைக்கிற அந்த அரை மணி நேரம் யார் கணக்கில் என்பதையும், வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசி முடித்துவிடுங்கள்.