நாளைக்குச் சொல்கிறேன்

2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தமிழக அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கியபோது, தன்னார்வலர்களிடம் பெரிய தகுதி எதுவும் கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்பு வரை சொல்லிக்கொடுக்கப் பிளஸ் டூ. ஆறு முதல் எட்டு வரை ஏதாவது ஒரு பட்டம். ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்து, பிள்ளைகள் பாடத்தை விட்டிருந்தார்கள். லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சொல்லிக்கொடுக்க முன்வந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். தமிழ் இலக்கியம் படித்தவர், பி.காம். முடித்தவர், கல்யாணத்துக்குப் பிறகு புத்தகத்தையே தொடாதவர். சாயங்காலம் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டால் எல்லாப் பாடமும் அவர்கள் பொறுப்புதான்.

தமிழ் படித்தவருக்குச் செய்யுளில் தயக்கமில்லை. கணக்கு வரும்போதுதான் வயிற்றைக் கலக்கும். அதிலும் பின்னம்.

ஒன்றே முக்காலை அரையால் வகுக்க வேண்டும். தலைகீழாக்கிப் பெருக்கினால் மூன்றரை. விடை சரி. ஆனால் ஆறாம் வகுப்புப் பையன் விடமாட்டான்: "வகுத்தா குறையணும்லக்கா, இது எப்படிக் கூடுச்சு?" விதியைத் தெரிந்தவர் பலருக்கும் இந்த இடத்தில் பேச்சு வராது.

பால் அளந்தால் விளங்கிவிடும். ஒன்றே முக்கால் லிட்டர் பாலை அரை லிட்டர் பாத்திரத்தால் அளந்தால் மூன்று முறை நிரம்பும். கால் லிட்டர் மிஞ்சும். அளக்கிற பாத்திரம் ஒரு லிட்டரைவிடச் சின்னது, அதனால் எண்ணிக்கை கூடுகிறது. உடனே அடுத்த கேள்வி வரும்: மிஞ்சியது கால் லிட்டர்தானே, விடையில் ஏன் அரை? அந்தக் கால் லிட்டர், அரை லிட்டர் பாத்திரத்தில் பாதி. பாடத்தின் உயிரே இந்த இடத்தில்தான் இருக்கிறது. பால் இல்லையென்றால் தண்ணீர் போதும்.

இதே கணக்கைத்தான் கல்வி ஆய்வாளர் லிபிங் மா அமெரிக்க, சீன ஆசிரியர்களிடம் கொடுத்தார். 1999இல் வெளிவந்த அவருடைய நூலின்படி, கணக்கைப் போட்டுப் பார்த்த 21 அமெரிக்க ஆசிரியர்களில் 9 பேரே முழுமையாகச் சரியாகப் போட்டார்கள். சீன ஆசிரியர்கள் 72 பேரும் சரியாகப் போட்டார்கள். அந்தக் கணக்கை விளக்கும் பொருத்தமான கதையையும் பெரும்பாலோர் சொன்னார்கள். அமெரிக்கர்கள் கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள். சீனர்களோ ஒன்பதாம் வகுப்புக்குப் பின் இரண்டு மூன்று வருஷம் ஆசிரியர் பயிற்சி மட்டும் பெற்றவர்கள். ஆனால் நடத்தப்போகிற பாடப்புத்தகத்தை வரி வரியாகப் படிப்பதும், சக ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசுவதும் அவர்களுடைய அன்றாட வேலை.

பட்டம் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை; தயாரிப்பு வேண்டும் என்றுதான். பாடத்தில் சந்தேகம் உள்ளவர் முந்தின நாள் ராத்திரியே புத்தகத்தைத் திறக்கிறார், தெரிந்தவருக்குப் போன் செய்கிறார், பையன் எங்கே தடுக்குவான் என்று தானே தடுக்கிப் பார்க்கிறார். சரளமாக நடத்துகிறவருக்குப் பல சமயம் அந்த இடமே கண்ணில் படுவதில்லை. பயப்பட வேண்டியது தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிக்கொடுப்பதற்குத்தான். ஆறாம் வகுப்பில் தப்பாகப் பதிந்த பின்னம், ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தில் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

டியூஷனுக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கு ஒன்று. "அக்காவுக்கே தெரியலையாம், நாளைக்குச் சொல்றாங்களாம்" என்று பிள்ளை வந்து சொன்னால், அன்றே வேறு இடம் தேடாதீர்கள். மறுநாள் அவர் சொன்னாரா என்று கேளுங்கள். சொல்லியிருந்தால் அங்கேயே படிக்கட்டும்.