நீலச் சிமிழும் பூனைத் தெருவும்

ஹாலிவுட் என்றதும் சினிமா நட்சத்திரங்கள்தாம் நினைவுக்கு வருவார்கள். ஹாங்காங்கில் இருக்கும் ஹாலிவுட் ரோடுக்கும் அவர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1844-ஆம் ஆண்டு வெள்ளைக்காரர்கள் போட்ட சாலை அது. அமெரிக்காவில் ஹாலிவுட் என்ற ஊரே அப்போது பிறக்கவில்லை! இங்கே நட்சத்திரங்கள் எல்லாம் கண்ணாடி அலமாரிக்குள் வீற்றிருக்கின்றன. பழைய சீனப் பீங்கான்களைத்தான் சொல்கிறேன்.

இந்தச் சாலையை ஏணித் தெரு என்ற செங்குத்தான கல்படிக்கட்டு குறுக்கே வெட்டிச் செல்கிறது. அந்த முனையில் இருப்பது மன் மோ கோவில், 1847-இல் எழும்பியது. கூரையிலிருந்து கூம்பு கூம்பாக ஊதுவத்திச் சுருள்கள் தொங்கிப் புகைந்துகொண்டே இருக்கின்றன. உள்ளே இரண்டு தெய்வங்கள். ஒருவர் வீரத்துக்கு அதிபதி, அவருக்கு வாள். மற்றவர் கல்விக்கு அதிபதி, அவருக்குத் தூரிகை. பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்காக இங்கே வேண்டிக்கொள்ளும் பெற்றோர்கள் இன்றும் உண்டு. வாளையும் தூரிகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கும்பிடும் ஜனங்கள் என்று தெரிந்தால்தான், அலமாரியில் இருக்கும் அந்த நீலச் சாமான்களின் மகிமை புரியும்.

1905-ஆம் ஆண்டு வரை சீனாவில் பெரிய உத்தியோகத்துக்கு ராஜபாட்டை அரசாங்கப் பரீட்சைதான். எழுத்து அழகாக இராவிட்டால் படித்தவன் என்ற பெயர் வராது. ஆகையால் அறிஞனின் மேஜை நம் வீட்டுப் பூஜை அறையைப் போல ஒழுங்காக இருக்கும். தூரிகை, மைக்கட்டி, மைக்கல், காகிதம் என்ற நான்கும் அதன் பொக்கிஷங்கள். நாம் சந்தனக் கல்லில் சொட்டுத் தண்ணீர் விட்டுச் சந்தனம் இழைக்கிறோமே, அதே மாதிரி மைக்கட்டியைக் கல்லில் இழைத்து மை எடுப்பார்கள்.

அந்தச் சொட்டுத் தண்ணீருக்காக ஒரு குட்டிச் செப்பு. அதற்கு இரண்டு துவாரங்கள். ஒன்றை விரலால் மூடித் திறந்தால், வேண்டிய அளவே தண்ணீர் சொட்டும். எழுதி முடித்ததும் தூரிகையை அலம்ப ஒரு தட்டு. அதைச் சாய்த்து வைக்க ஐந்து சிகரமுள்ள சின்ன மலை. முத்திரை குத்துவதற்குச் சிவப்புக் குழம்பு வைக்கும் மூடி போட்ட சிமிழ். அதைப் பார்த்தால் நம் பெண்கள் குங்குமச் சிமிழ் என்றே சொல்வார்கள். எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்குகிறவை. பெரிய ஜாடிகளைக் காட்டிலும் எனக்கு இவற்றின் மேல்தான் ஆசை. ஜாடி பார்ப்பதற்கு, இவை தொடுவதற்கு.

நீலம் என்றால் ஒரே நீலம் இல்லை. சக்கரவர்த்தி ஆகாயத்தை வழிபடும்போது உபயோகித்த பாத்திரங்களுக்குக் கருநீலம். ஸுவாந்தெ காலத்தில் (1426-1435) இந்தக் கருநீலம் பிரமாதமாக வந்தது. காங்ஸி காலத்தில் (1662-1722) ஜிங்தெசென் ஊர்க் குயவர்கள், மூங்கில் குழாயின் நுனியில் மெல்லிய சல்லாத் துணியைக் கட்டி, கோபால்ட் பொடியை ஊதி ஊதிப் படிய வைத்தார்கள். கிட்டத்தில் பார்த்தால் புள்ளி புள்ளியாக இருக்கும். அதே கோபால்ட்டை மிகக் கொஞ்சமாக மெருகில் கலந்தால் வெளிறிய வான நீலம் கிடைக்கும். பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு ‘நிலவொளி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அரண்மனை மேஜைக்கென்று செய்த சிமிழ்களும் தட்டுகளும் இந்த நிறத்தில் உண்டு. பார்த்தால் கண் குளிரும்.

இவை எல்லாவற்றுக்கும் பாட்டி, ஹெனான் மாகாணத்து ரூ பாண்டம். வயது 900-க்கு மேல். அதில் கோபால்ட் கிடையாது. மெருகில் உள்ள துளி இரும்புச் சத்து, புகை மூட்டமான சூளையில் அந்த மங்கிய நீலத்தைத் தருகிறது. மேனாட்டு நிபுணர்கள் சிலர் இதைப் பீங்கான் என்றே ஒப்ப மாட்டார்கள்! உலகம் முழுவதும் தேடினாலும் நூறு உருப்படி தேறாது. அப்படி ஒரு தூரிகை அலம்பும் தட்டு, விட்டம் 13 சென்டிமீட்டர்தான், 2017 அக்டோபரில் இதே ஹாங்காங்கில் ஏலத்துக்கு வந்தது. போன விலை, 29 கோடியே 42 லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல்!

இத்தனை பணம் புரளும் இடத்தில் போலி வராமல் இருக்குமா?

ஏணித் தெருவில் சில படிகள் இறங்கினால் அப்பர் லஸ்கர் ரோ என்ற சந்து. ஒரு காலத்தில் நம் தேசத்துக் கப்பல் சிப்பந்திகளான லஸ்கர்கள் குடியிருந்ததால் அந்தப் பெயர். ஊரார் வாயில் அது பூனைத் தெரு. திருட்டுச் சாமானை ‘எலிச் சரக்கு’ என்பார்களாம். வாங்க வருகிறவர்கள் பூனைகளாம்! இன்று அங்கே பெரும்பாலும் புதுச் சரக்குதான். ஆனால் முகம் மட்டும் பழையது. பளபளப்பைப் போக்க அமிலம், வயதைக் கூட்ட மண் பூச்சு என்று போலி செய்வதற்கு வழிகள் பல.

அடியில் சக்கரவர்த்தியின் பெயர் எழுதியிருக்கிறதே என்று மயங்க வேண்டாம். காங்ஸி காலத்துக் குயவர்களே முன்னோர் மீது வைத்த மதிப்பினால் ஸுவாந்தெ பெயரை எழுதியிருக்கிறார்கள். முந்நூறு வருஷத்துப் பழக்கம்; யாரைக் குறை சொல்வது? எழுத்தை விட்டுவிட்டு, மெருகு படாத அடி விளிம்பை விரலால் தடவுங்கள். கையாண்ட பொருளின் தேய்மானம் ஒரே சீராக இராது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது ஒரே சீராக இருக்கும். சின்ன பூதக்கண்ணாடி இருந்தால் மெருகுக்குள் இருக்கும் குமிழ்களையும் பார்க்கலாம்.

கண் பழக வேண்டுமானால் முதல் நாள் பணப்பையைத் திறக்காதீர்கள். படகு ஏறி அக்கரைக்குப் போய், சிம் ஷா சுயியில் உள்ள கலைக் காட்சிச்சாலையில் அசலைப் பாருங்கள். 2022-இல் திறந்த அரண்மனைக் காட்சிச்சாலையும் அந்தக் கரையில்தான் இருக்கிறது. அரை நாள் அசலைப் பார்த்துவிட்டுப் பூனைத் தெருவுக்குத் திரும்பினால், காலையில் அழகாகத் தெரிந்த பல நீலங்கள் மாலையில் சலவைக்குப் போடும் நீலமாகத் தெரியும்.

அப்படியும் ஒரு சிமிழ் மனத்தைப் பிடித்து இழுத்தால் வாங்குங்கள். புதுசு என்று தெரிந்து, புதுசுக்கு உரிய விலை கொடுத்து வாங்குவதில் அவமானம் ஒன்றும் இல்லை. பழசு என்று சாதித்தால், எந்தக் காலத்தது என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். கடைக்காரர் பேனாவை எடுக்கத் தயங்கினால், சிமிழை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் படியேறுங்கள். தூரிகை பிடித்த சாமி மேலேதான் இருக்கிறார்.