அரையடி விலகல்

2023-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து மாலை ஒன்றில், டோக்கியோ நகரின் ஷிபுயா ரயில் நிலையத்தின் முன்னே நான் நின்றுகொண்டிருந்தேன். "மாமா, அவர் அலுவலகத்திலிருந்து இங்கேதான் வருவார். இந்த நாய்ச் சிலையை விட்டு நகர்ந்துவிடாதீர்கள்" என்று கூறிவிட்டு மருமகள் அருகிலிருந்த கடைக்குச் சென்றாள்.

எதிரே பல சாலைகள் கூடும் பெருஞ்சந்தி. அங்கே ஒரு விந்தையான ஏற்பாடு உண்டு. எல்லாத் திசை வாகனங்களையும் ஒரே வேளையில் நிறுத்திவிட்டு, நடப்போர் அனைவருக்கும் ஒருங்கே பச்சை விளக்கைக் காட்டுகிறார்கள். நேராக மட்டுமன்றி, மூலைக்கு மூலை குறுக்காகவும் கடந்து செல்ல வெள்ளைக் கோடுகள் இட்டிருக்கிறார்கள்.

விளக்கு மாறியது. நாற்புறத்திலிருந்தும் மனித வெள்ளம் பாய்ந்தது. நட்ட நடுவே மோதிக்கொள்ளப் போகிறார்கள் என்று அஞ்சினேன். மோதவில்லை. ஒருவர் தோளைச் சற்றே திருப்பினார். மற்றவர் ஒரு கணம் தயங்கினார். ஒரு தாய் குழந்தையைத் தன்னருகே இழுத்துக்கொண்டாள். ஆளுக்கு அரையடி விலகினார்கள், அவ்வளவுதான். ஒரு நிமிடத்திற்குள் சாலை வெறிச்சென்றாயிற்று. மீண்டும் வாகனங்கள் ஓடின. மீண்டும் கூட்டம் சேர்ந்தது.

முன்பின் அறியாதவருக்கு இவர்கள் அரையடி விலகுகிறார்கள். நானோ, பெற்ற மகனுக்கு மூன்றாண்டுகளாக விலகவில்லை.

2020-ஆம் ஆண்டு மே மாதத்தில் என் மனைவி இறந்தாள். பெருந்தொற்றின் காரணமாகப் பன்னாட்டு விமானங்கள் நிறுத்தப்பட்டிருந்த காலம் அது. அவளுடைய அடக்கத்திற்கு மகனால் வர இயலவில்லை. அவன் பிழையன்று என்பதை நான் அறிவேன். ஆயினும் அன்றிரவு தொலைபேசியில், "பெற்ற தாயைவிட உனக்கு வேலை பெரிதாகிவிட்டது" என்று சொல்லிவிட்டேன். அவன் மறுமொழி கூறவில்லை. அதன்பின் மாதந்தோறும் பேசினோம்; உடல்நலம் விசாரித்தோம்; அந்தச் சொல்லை மட்டும் இருவரும் தொடவில்லை. அவன் பயணச்சீட்டு அனுப்பி அழைத்தபோது, பேரனைக் காண வருவதாகவே கூறி வந்திருந்தேன்.

அருகிலிருந்த சிலையைப் பார்த்தேன். ஹச்சிகோ என்னும் அந்த நாயின் கதையை மருமகள் வழியில் சொல்லியிருந்தாள். அதன் எஜமானரான பேராசிரியர் உவேனோ 1925-இல் காலமானார். அவர் வந்திறங்கும் ரயில் நிலையத்திற்கு, 1935-இல் தான் மடியும் வரையிலும் அது வந்து காத்திருந்ததாம். 1934-இல் வைத்த சிலை போர்க்காலத்தில் உருக்கப்பட்டது. அதை வடித்த சிற்பியின் மகனே 1948-இல் மீண்டும் சிலை வடித்தார். தந்தை செய்தது அழிந்துபோக, மகன் அதைத் திரும்பச் செய்தான். நான் உடைத்ததையும் என் மகனே வந்து சீர்செய்ய வேண்டும் என்றா இத்தனை நாள் காத்திருந்தேன்?

மறுபடியும் பச்சை விளக்கு எரிந்தது. கூட்டத்தில் அவனைத் தேடினேன். எல்லாரும் கருநிற மேலாடை அணிந்திருந்தார்கள், எல்லாரும் விரைந்தார்கள். மகனைக் கண்டுபிடிக்க முடியாத தந்தையாகிவிட்டேனே என்று நெஞ்சு பதறியது. அப்போது, தலையை இடப்புறம் சற்றே சாய்த்தபடி ஓர் உருவம் வந்தது. அவன் தாயின் நடை அது! அதற்குப்பின் அந்தச் சந்தியில் எனக்கு வேறொருவரும் தெரியவில்லை.

"ரொம்ப நேரமாகக் காத்திருக்கிறீர்களா, அப்பா?" என்றான்.

"நான்தான் உன்னைக் காக்க வைத்துவிட்டேன். அன்றைக்கு நான் சொன்னது தவறு, தம்பி" என்றேன்.

அவன் எதுவும் கூறவில்லை. என் கையைப் பற்றிக்கொண்டான். அடுத்த பச்சை விளக்கு எரிந்தபோதும் நாங்கள் அங்கேயே நின்றோம். கடந்து சென்றவர்கள் எங்களுக்காக அரையடி விலகிப் போனார்கள்.