பதியப்படாத குரல்

வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையில் றொசல்ல என்றொரு சிறிய புகையிரத நிலையம் இருக்கிறது. மலையகப் பாதையில் பயணித்தவர்களுக்கு அது ஜன்னலோரத்தில் கடந்துபோகும் ஒரு பெயர்ப் பலகை மட்டுமே. எனக்கோ, அம்மாவின் ஒப்பாரியை நான் முதன்முதலில் கேட்ட இடம்.

1979ஆம் ஆண்டு. எனக்கு எட்டு வயது. சின்னம்மாவின் குடும்பம் இந்தியாவுக்குப் புறப்பட்டது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அந்தக் கணக்கில் அக்கா இந்தப் பக்கமும் தங்கை அந்தப் பக்கமுமாகப் பிரிந்தார்கள். தலைமன்னாருக்கு ஆட்களைக் கொண்டுசென்ற அந்த ரயிலுக்கு எங்கள் மக்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. அன்று மேடையில் நின்று அம்மா பாடியது சாவு வீட்டில் பாடும் அதே ஒப்பாரிதான். போகிறவர்கள் உயிரோடுதான் இருந்தார்கள்.

இந்த நினைவை இத்தனை ஆண்டுகளுக்குப் பின் கிளறிவிட்டது ஒரு விவரணப்படம். தமிழகத்தார் ஆவணப்படம் என்பர். 2008ஆம் ஆண்டு மும்பை சர்வதேசத் திரைப்பட விழாவில் தங்கச் சங்கு விருது பெற்ற லீனா மணிமேகலையின் 'தேவதைகள்' அது. அதில் மூன்று பெண்கள் வருகிறார்கள். ஒருவர் கடலுக்குப் போகும் மீனவப் பெண். ஒருவர் புதுச்சேரியில் கேட்பாரற்ற பிணங்களைப் புதைப்பவர். மூன்றாமவர் ஒப்பாரி பாடுபவர். அந்த அம்மையார் குரலெடுத்ததும் நான் படத்தை நிறுத்திவிட்டு, வெளியே இஸ்தோப்பில் போய் அமர்ந்துகொண்டேன்.

லீனாவை வாசகர் பலர் கவிஞராகவே அறிவர். விருதுநகர் மாவட்டத்து மகாராஜபுரத்தில் பிறந்தவர். 'ஒற்றையிலையென', 'உலகின் அழகிய முதல் பெண்' ஆகியவை அவருடைய கவிதைத் தொகுதிகளுள் அடங்கும். படங்களின் வரிசை 2002இல் 'மாத்தம்மா'வுடன் தொடங்குகிறது. அரக்கோணம் பகுதியில் அருந்ததியர் குலப் பெண்பிள்ளைகளைத் தெய்வத்துக்கு நேர்ந்துவிடும் வழக்கத்தைப் பற்றியது அது. தொடர்ந்து 'பறை', 'தேவதைகள்', 'செங்கடல்', காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளை இலங்கைக்கு வந்து படமாக்கிய 'வெள்ளை வேன் கதைகள்' (2013), புதிரை வண்ணார் பெண்ணொருத்தியின் கதையான 'மாடத்தி' (2019) என்று நீள்கிறது. கவிதையில் 'நான்' என்று அஞ்சாமல் பேசிய ஒருவர், படத்தில் பிறர் 'நான்' என்று பேசுவதற்கு இடம்விட்டு ஒதுங்கிக்கொள்கிறார். அவருடைய படைப்புகளை ஒருசேரப் பார்க்கும்போது எனக்குப் புலப்பட்டது இதுதான்.

ஆனால் 'செங்கடல்' படத்தில் அவர் ஒதுங்கவில்லை. தனுஷ்கோடி மீனவர்களையும் இலங்கை அகதிகளையும் பற்றிய அந்தப் படத்தில், படமெடுக்க வந்த பெண்ணாகத் தாமே தோன்றுகிறார். முதலில் பார்த்தபோது இது எனக்கு நெருடியது. துன்பப்படுகிறவனுக்கும் நமக்கும் நடுவே இயக்குநர் எதற்கு என்று கேட்டேன். பின்னர் யோசித்தபோது வேறு விதமாகப் பட்டது. கமெரா எங்கே நிற்கிறது, யார் பிடித்திருக்கிறார் என்பதை மறைக்காமல் காட்டுவதும் ஒரு நேர்மையே. 2011இல் தணிக்கை வாரியம் அப்படத்துக்குச் சான்றிதழ் மறுத்தது. அன்றிருந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய் அதே ஆண்டில் சான்றிதழ் பெற்றார்.

தனுஷ்கோடி எங்களுக்கும் அந்நியமான ஊரன்று. 1914 முதல் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. தேயிலைக்கு ஆள் வந்த வழிகளில் அதுவும் ஒன்று. ஒப்பந்தம் கைச்சாத்தான அதே 1964இல், டிசம்பர் மாதப் புயல் அந்த ஊரை அழித்தது. பிறகு போனவர்கள் இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். சின்னம்மாவும் அங்கேதான் இறங்கினார். 'செங்கடல்' படத்தின் மணல்வெளியில் நான் தேடியது அவருடைய காலடியைத்தான்.

மலையகத்தின் பக்கம் கமெரா வரவில்லை என்று சொல்லமுடியாது. 1934இல் பசில் ரைட் எடுத்த 'சோங் ஒஃப் சிலோன்' உலக விவரணப்பட வரலாற்றில் இன்றும் பேசப்படுவது. பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. அழகிய படம், மறுப்பதற்கில்லை. அதன் ஒரு பகுதியில் சந்தை விலையும் கப்பல் விவரமும் சொல்லும் வணிகக் குரல்கள் ஒலிக்கின்றன. பின்னணி உரை 1681இல் வெளியான றொபேட் நொக்ஸின் நூலிலிருந்து எடுத்தது. வாசித்தவர் லயனல் வென்ட். கொழுந்து பறிப்பவளுக்கு மட்டும் அதில் பேச இடமில்லை. சுயாதீனப் படைப்பாளி என்ற சொல்லின் பெறுமதி இந்த இரண்டையும் அருகருகே வைக்கும்போதுதான் விளங்குகிறது. பணம் எங்கிருந்து வருகிறது என்பது, யார் பேசலாம் என்பதையும் தீர்மானித்துவிடுகிறது.

பசில் ரைட்டைக் குறை சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. பேராதனையில் கலைமாணிப் பட்டம் பெற்று, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகையில் எழுதுகிறேன். சம்பளப் போராட்டம், மண்சரிவு, லயன் தீ விபத்து எல்லாம் எழுதியிருக்கிறேன். அவற்றில் தொழிற்சங்கத் தலைவர் பேசினார், அமைச்சர் பேசினார், தோட்ட முகாமையாளர் பேசினார். கொழுந்து பறிப்பவள் 'பெண் தொழிலாளி ஒருவர்' என்ற ஒற்றை வரியில் வந்துபோனாள். பையில் எப்போதும் ஒலிப்பதிவுக் கருவி இருந்தது. பெரியவர்கள் முன்னால் அதை எத்தனையோ முறை வைத்திருக்கிறேன். அம்மாவின் முன்னால் ஒருமுறையும் வைக்கவில்லை.

அம்மா இறந்தபோது தோட்டத்துப் பெண்கள் ஒப்பாரி பாடினார்கள். அப்போதும் நான் வந்தவர்களைக் கவனிப்பதில்தான் இருந்தேன். 1979இல் அந்த மேடையில் அவர் பாடிய வரிகளை இன்று யாரும் எனக்குத் திருப்பித் தரமுடியாது. இராகம் காதில் இருக்கிறது, சொற்கள் போய்விட்டன.

சென்ற மாதம் றொசல்லவுக்குப் போயிருந்தேன். அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்தெடுத்த ஆயா ஒருவர் இன்னும் அந்த லயத்தில் இருக்கிறார். கைத்தொலைபேசியை அவர் முன்னால் வைத்து, பழைய பாட்டு ஒன்று சொல்லுங்கள் என்றேன்.

"இத்தன வருசமா பேப்பர்ல எழுதுறியே தம்பி, இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. அவரும் அதற்குக் காத்திருக்கவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பாடத் தொடங்கினார். நாற்பது நிமிடங்கள் பதிவாகியிருக்கின்றன. படமாக்கும் திறமை எனக்கு இல்லை. கேட்கும் பொறுமையை இப்போதுதான் பழகுகிறேன்.

இதை வாசிப்பவர் எந்த நாட்டில் இருந்தாலும், வீட்டில் ஒரு முதியவர் இருந்தால், இன்றைக்கே அவர் அருகில் போய் அமருங்கள்.