ஃபிரிட்ஜ் வாங்கும் முன் வீட்டு நிலையை அளந்து பாருங்கள்

போன மாதம் கோபி பக்கம் ஒரு கிராமத்தில் அட்மா பயிற்சி. நெல்லில் குருத்துப்பூச்சியைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு, "சந்தேகம் இருந்தா கேளுங்க" என்றேன். பின்வரிசையில் இருந்து ஒரு அம்மா எழுந்தார்.

"ஏனுங்க சார், பூச்சி இருக்கட்டுங்க. வூட்டுல ஏழு பேருங்க. பெருசா ஒரு ஃபிரிட்ஜ் வாங்கோணும், விலையும் கட்டுப்படியாகோணும். எதை வாங்கறதுங்க?"

கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே விஷயத்தில் பட்டு அனுபவித்தவன் நான்.

ஆறு வருடத்துக்கு முன் எங்கள் வீட்டிலும் இதே கதைதான். அம்மா, நாங்கள் இருவர், மகன், மருமகள், தம்பி குடும்பம் என்று ஆள் பெருகிவிட்டது. பழைய 180 லிட்டர் பெட்டியில் மாவுப் பாத்திரம் வைத்தால் பாலுக்கு இடம் இல்லை. டவுனில் ஒரு கடையில் பழைய 400 லிட்டர் இரட்டைக் கதவுப் பெட்டி 9,000 ரூபாய்க்குக் கிடைத்தது. உடனே வண்டியில் ஏற்றிவிட்டேன். விதை மூட்டை வாங்கினால் சான்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள் என்று ஊர் ஊராகச் சொல்கிறவன், அந்தப் பெட்டியில் ஒட்டியிருந்த நட்சத்திர லேபிளைப் பார்க்கவில்லை.

முதல் சிக்கல் வாசலில். எங்களுடையது ஓட்டு வீடு, நிலை சிறியது. கதவைக் கழற்றி, பெட்டியைப் படுக்கவைத்துத்தான் உள்ளே கொண்டுபோனோம். இரண்டாவது, கரண்ட் பில். அதுவரை இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்த கணக்கு அதைத் தாண்டியது. அப்போது முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 500-ஐத் தாண்டினால், 101 முதல் 200 யூனிட் வரை அப்போது கிடைத்த குறைந்த விலையும் போய்விடும் என்பது பில்லைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

மூன்றாவதுதான் பெரிது. சாயங்காலம் பம்புசெட்டுகள் ஓடும்போது எங்கள் ஊரில் வோல்டேஜ் இறங்கிவிடும். பெட்டி குளிரவில்லை என்று என் மனைவி திருகைக் கடைசி எண்ணுக்குத் திருப்பினார். நடுராத்திரிக்கு மேல் வோல்டேஜ் ஏற, பெட்டி நிற்காமல் ஓடியது. மேல்தட்டில், குளிர்காற்று வரும் துளைக்குப் பக்கத்தில் இருந்த அம்மாவின் இன்சுலின் உறைந்துவிட்டது. காலையில் வெளியே எடுத்து வைத்தோம், இளகியது. அதையே போட்டோம். நான்கே நாளில் சர்க்கரை 400-ஐத் தாண்டி, அம்மா இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் படுத்தார். ஒருமுறை உறைந்த இன்சுலின், இளகினாலும் உதவாது. 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டிய கால்நடைத் தடுப்பூசியைப் பற்றி வகுப்பெடுக்கும் எனக்கு, என் வீட்டு மருந்து தெரியவில்லை. அம்மா ஒன்றுதான் கேட்டார்: "சின்னதுல வெச்சிருந்தப்போ எனக்கு ஒண்ணும் ஆகலியே சாமி?"

அடுத்த முறை வாங்கும்போது செய்ததை அந்த அம்மாவிடம் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் டேப் எடுங்கள். வீட்டு நிலை, வைக்கும் இடம், உங்கள் பெரிய மாவுப் பாத்திரம், பால் தூக்கு எல்லாவற்றையும் அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். 300 லிட்டர் என்றால் ஃப்ரீசரும் சேர்த்துத்தான். ஆறேழு பேர் வீட்டுக்கு 300 லிட்டரை ஒட்டி இருந்தால் போதும். காலிப் பெட்டியைக் குளிரவைக்கவும் காசுதான்.

ஐஸ் கட்டினால் நாமே உருகவிட வேண்டிய ஒற்றைக் கதவு வகை விலை மலிவு, ஆனால் பெரிய அளவில் அதிகம் கிடைக்காது. ஐஸ் கட்டாத இரட்டைக் கதவு வகையில் விசிறியும் ஹீட்டரும் உள்ளே இருப்பதால் கரண்ட் கொஞ்சம் கூடுதல்.

லேபிளில் நட்சத்திரத்தை மட்டும் எண்ணாதீர்கள். வருடத்துக்கு எத்தனை யூனிட், எந்த ஆண்டு லேபிள் என்று பாருங்கள். அளவுகோலை அவ்வப்போது இறுக்குகிறார்கள். பழைய ஐந்து நட்சத்திரம் இன்றைய ஐந்து அல்ல. ஒரு கணக்குக்கு, ஒன்று 250 யூனிட், இன்னொன்று 400 யூனிட் என்று வையுங்கள். யூனிட் 6 ரூபாய் என்றால் வருடத்துக்கு 900 ரூபாய், பத்து வருடத்தில் 9,000 ரூபாய் வித்தியாசம். நான் 'மிச்சம் பிடித்த' பழைய பெட்டியின் விலை அது!

ஸ்டெபிலைசர் வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னால், எத்தனை வோல்ட் முதல் எத்தனை வோல்ட் வரை என்று கேளுங்கள். உங்கள் வீட்டு வோல்டேஜை எலக்ட்ரீசியனை வைத்து சாயங்காலத்தில் பாருங்கள். அந்த எல்லைக்குக் கீழே போனால் ஸ்டெபிலைசர் வாங்கத்தான் வேண்டும். எர்த் சரியாக இருக்க வேண்டும். தோட்டத்து இலவச மின்சாரத்தில் வீட்டுப் பெட்டியை மாட்டாதீர்கள், அது முறைகேடு. பெட்டியைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தால் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே சுவிட்சைப் போடுங்கள்.

பணம் விஷயம். ஆடித் தள்ளுபடியில் போன வருட மாடலைக் கேளுங்கள். வட்டியில்லாத் தவணை என்றால் வேறு கட்டணம் உண்டா என்று கேளுங்கள். பயிர்க்கடனைத் தொடாதீர்கள்.

இன்னொன்று, எல்லாவற்றுக்கும் ஃபிரிட்ஜ் தேவையில்லை. வாழைப்பழம், பச்சைத் தக்காளி, கத்திரிக்காய் எல்லாம் அதிகக் குளிரில் கெடும். செங்கல்லை இரட்டைச் சுவராகக் கட்டி, நடுவே மணல் நிரப்பி, தண்ணீர் விட்டு நனைத்து, மேலே நனைந்த சாக்குப் போட்டால் காய்கறி சில நாள் வாடாமல் இருக்கும். கரண்டே வேண்டாம். பூச்சிமருந்தை மட்டும் எந்தக் காலத்திலும் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள்.

இரண்டு வாரம் கழித்து அந்த அம்மா போன் செய்தார். "நிலையை அளந்தேனுங்க சார். இரண்டரை அடிக்கும் கொஞ்சம் கம்மி. இரட்டைக் கதவுதான், ஆனா உள்ள போற மாதிரி ஒல்லியாப் பாத்து வெச்சிருக்கறோம். ஆடி வரட்டுங்க."

எங்கள் வீட்டில் இப்போது 300 லிட்டர் பெட்டி. நடுத்தட்டில், பின்சுவரில் ஒட்டாமல், ஒரு டப்பாவுக்குள் அம்மாவின் இன்சுலின். பக்கத்தில் ஒரு சின்ன வெப்பமானி. காலையில் பால் எடுக்கும் முன் அதை நான்தான் பார்க்கிறேன்.