மஞ்சள் நாடாவுக்கு இப்பால்: சிகாகோவின் உள்ளூர்த் தொலைக்காட்சிச் செய்தித் தொழில்

அமெரிக்க உள்ளூர்த் தொலைக்காட்சியில் அன்றாடச் செய்தி ‘அசைன்மென்ட் டெஸ்க்’ எனப்படும் பணி ஒதுக்கீட்டு மேசையில் பிறக்கிறது. காவல்துறை வானொலியைக் கேட்கும் ஸ்கேனர் கருவிகள் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும் அந்த மேசைதான் எந்தத் தெருவுக்கு வண்டி போவது என்பதைத் தீர்மானித்து வந்தது. சிகாகோ காவல்துறை 2022இல் தன் அலைவரிசைகளைக் குறியாக்கம் செய்து, வெளியார் காதுக்கு அரை மணி நேரம் தாமதமாகவே எட்டும்படி செய்தபின் வேலை கடினமாயிற்றே தவிர, தேடப்படும் சரக்கான குற்றச் செய்தி மாறவில்லை.

சம்பவ இடத்தில் கட்டப்படும் நாடா இரு நிறத்தது: வெளிவளையத்துக்கு மஞ்சள், உடல் விழுந்த இடத்தை ஒட்டிய உள்வளையத்துக்குச் சிவப்பு. மஞ்சளுக்கு இப்பால் முக்காலியை ஊன்றும் இரவு ஒளிப்பதிவாளருக்குக் கிடைப்பவை சுழலும் நீல விளக்கும், தோட்டா உறைகளின் அருகே வைக்கப்பட்ட எண் அட்டைகளும், வேலியோரம் நிற்கும் இளைஞர் சிலரும்தாம். அவர்கள் இறந்தவரின் உறவினரா, வேடிக்கை பார்க்க வந்தவர்களா என்பதைச் சொல்ல, வாசிப்பாளர் குரலின் பின்னணியில் ஓடும் அரை நிமிடத் துண்டில் இடமிருப்பதில்லை. சொல்லாமல் விட்டதைப் பார்வையாளர் தாமே நிரப்பிக்கொள்கிறார். ஃபிராங்க்ளின் கில்லியமும் சாந்தோ ஐயங்காரும் லாஸ் ஏஞ்சலஸில் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வில், சந்தேக நபரே காட்டப்படாத குற்றச் செய்தியைப் பார்த்தவர்களிலும் பலர் ஒருவரைக் கண்டதாகவும், அவர் கறுப்பினத்தவர் என்றும் நினைவுகூர்ந்தனர்.

பதிவை வெட்டித் தொகுக்கும் வெட்டுமேசையின் வலிமைக்குச் சான்றாக 2011ஆம் ஆண்டுச் சம்பவம் ஒன்று போதும். சிகாகோவின் தெற்குப் பகுதியில் துப்பாக்கிச் சூடு நடந்த இடத்தருகே நான்கு வயதுக் கறுப்பினச் சிறுவனிடம் பேட்டி எடுத்த ஒரு நிலையம், தனக்கும் துப்பாக்கி வேண்டும் என்று அவன் சொன்னதை ஒளிபரப்பிவிட்டு, போலீஸ்காரன் ஆகப்போவதாக அவன் அடுத்த நொடியே சொன்ன காரணத்தை வெட்டிவிட்டது. மேனார்ட் நிறுவனம் என்னும் இதழியல் அமைப்பு முழுப்பதிவை வெளிக்கொணர்ந்தபின் நிலையம் மன்னிப்புக் கேட்டது. வெட்டியவரின் தீய எண்ணம் என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் வன்முறைக்கு மரத்துப்போன பிள்ளைகள் என்னும் கதை முன்கூட்டியே எழுதப்பட்டிருந்த இடத்தில் பொருந்தாத வாக்கியம் பிசிறாகவே கண்ணில் பட்டிருக்கும்.

குற்றத்துக்கு முகவரியும் நேரமும் உண்டு. அதே தெருக்களின் வறுமைக்கோ ஒளிப்பதிவாளர் விரைந்து சேர வேண்டிய முகவரியும் இல்லை, நேரமும் இல்லை. 1960இல் ஏறக்குறைய 97,000 பேர் வாழ்ந்த சிகாகோவின் எங்கிள்வுட் பகுதியில் 2020இல் 25,000 பேர்கூட இல்லை என்பது அறுபதாண்டுக்கால நிகழ்வு. அதற்கு நேரலை வண்டியை எந்த இரவில் அனுப்புவது? 2013இல் நகரம் ஏறத்தாழ 50 பள்ளிகளை மூட முடிவெடுத்தபோது கேமராக்கள் திரண்டன. ஏனெனில் அப்போது ஊர்வலம் இருந்தது, முழக்கம் இருந்தது, கைதும் இருந்தது. 2015இல் தொடங்கிய ‘சிட்டி பியூரோ’ அமைப்பு குடியிருப்பாளர்களுக்கே ஊதியம் தந்து பொதுக்கூட்டங்களைக் குறிப்பெடுக்கச் செய்கிறது. பட்ஜெட்டும் நில ஒதுக்கீடும் பேசப்படும் அக்கூட்டங்களில்தான் வறுமைக்கு ஒரு தேதியும் அறை எண்ணும் கிடைக்கின்றன, ஆனால் அங்கே நாடா கட்டப்படுவதில்லை.